லாகோஸில் ஒத்தை சிகரெட்

அன்புள்ள முருகேசா,

கடையில் சிகரெட் விற்பதை நிறுத்திவிட்டாய் என்று படித்ததும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. உங்கப்பா இருந்தால் விட்டிருப்பாரா? வியாபாரம் கொஞ்சம் அடிபடும், பரவாயில்லை. பையன்கள் வாங்க வரும்போது வயசு கேட்டுச் சண்டை போடும் வேலையாவது மிச்சம்.

நைஜீரியாவில் இதற்கெல்லாம் சட்டம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். ஏட்டில் பார்த்தால் சில விஷயங்களில் நம் நாட்டைவிடக் கறாரானது. 2011-லேயே ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜனாதிபதி குட்லக் ஜோனாதன் கையெழுத்துப் போடாமலே அது வீணாய்ப் போனது. அப்புறம் 2015 மே மாதம், பதவியை விட்டு இறங்கும் நேரத்தில், வேறொரு மசோதாவுக்கு அவரே ஒப்புதல் கொடுத்தார். அதுதான் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. பாக்கெட்டில் 20 சிகரெட்டுக்குக் குறையக் கூடாது. எச்சரிக்கை பாதி இடத்தையாவது அடைக்க வேண்டும். முக்கியமாக, ஒத்தை ஒத்தையாக விற்கவே கூடாது. நம் நாட்டில் அப்படி நாடு முழுவதற்குமான தடை கிடையாது, உனக்குத் தெரியும்.

இப்போது இங்கே லாகோஸில் எங்கள் ஆபீஸ் கேட்டுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையைச் சொல்கிறேன். வடக்கிலிருந்து வந்த ஹவுசா இனத்துக்காரர் நடத்துகிறார். நூடுல்ஸ், ரொட்டி, முட்டை, தண்ணீர்ப் பாக்கெட், நடுவில் திறந்தபடி ஒரு சிகரெட் பாக்கெட். நம் ஊர்க் கடைகளில் கயிற்று நெருப்பு தொங்குமே, அதுபோல இங்கே நூலில் கட்டிய லைட்டர். மஞ்சள் வேனை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் வருவார், ஒன்றை உருவுவார், பற்றவைப்பார், போய்விடுவார். பாக்கெட்டை அவர் கையில் எடுப்பதே இல்லை. அதில் அச்சடித்த எச்சரிக்கையை நாள் முழுக்கப் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவர்தான், அவரோ புகைப்பதில்லை!

அவரைப் பிடித்து அபராதம் போடலாம். போட்டால் என்ன ஆகும்? அடுத்த தெருவில் இன்னொருவர் விற்பார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆலையிலிருந்து வெளியே வரும் இடத்தில் பிடித்தால்தான் உண்டு. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற சிகரெட் கம்பெனி 2003-ல் இபாதானில் பெரிய ஆலை திறந்தது. டிராஃபிக் விட்டுக்கொடுத்தால் இங்கிருந்து இரண்டு மணி நேரம்.

ஆனால் அந்தப் பக்கம் சட்டம் நகர்ந்த வேகம் இருக்கிறதே! சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகளுக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த ஒப்புதல் வர 2019 ஆகிவிட்டது. சட்டம் அமைத்த புகையிலைக் கட்டுப்பாட்டுக் குழுவில் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் ஒரு நாற்காலி. யார் கேட்டு அதைப் போட்டார்களோ!

வேடிக்கை இனிமேல்தான். அந்த கம்பெனிக்கு விழுந்த பெரிய அடி இந்தச் சட்டத்தால் வந்ததே அல்ல. வணிகப் போட்டியையும் நுகர்வோரையும் பாதுகாக்கும் மத்திய ஆணையம் சில வருஷம் விசாரித்து, 2023 டிசம்பரில் 11 கோடி டாலர் கட்டச் சொன்னது. போட்டிக் கம்பெனிகளின் சரக்குக்கும் சமமாக இடம் கொடுத்த கடைக்காரர்களைத் தண்டித்தது உட்பட, சந்தையில் தனக்கிருந்த பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்பது புகார். வேறு கம்பெனி சிகரெட்டும் நன்றாக விற்க வேண்டும் என்ற சட்டம் சிகரெட் கம்பெனியைப் பிடித்திருக்கிறது, பார்த்தாயா.

எனக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை தருவது வரிதான். 2018-ல் சிகரெட் ஒன்றுக்கு 1 நைரா (இங்கத்துப் பணம், 100 கோபோ ஒரு நைரா) என்று தனித் தீர்வை போட்டார்கள். 2019-ல் 2 நைரா, 2020-ல் 2 நைரா 90 கோபோ. அப்போது விலையின் மீதான 20 சதவீதம் இதற்கு மேலே இருந்தது. பணவீக்கம் ஓடுகிற ஓட்டத்தில் இந்தத் தொகையெல்லாம் சில்லறைதான். ஆனாலும் ஆலையிலேயே வாங்கிவிடும் இந்த வரியை வசூலிக்கப் பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் போலீஸ் அலைய வேண்டியதில்லை. ஒத்தையாக விற்கக் கூடாது என்கிற அரசாங்கம் வரியை மட்டும் ஒத்தை ஒத்தையாக எண்ணி வாங்குகிறது என்பதையும் கவனி.

சரி, சிகரெட் போதும். ஜனவரியில் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் எனக்கு எழுது.

அன்புடன்,
சேகர்