மாதிரித் தாளோடு ஒரு சிறு உறையும் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) பொறுப்பாளர்களுக்கும் தாவர வகைப்பாட்டு ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செடியின் ஆல்கலாய்டுகளை, அதாவது காஃபீன், நிகோடின் போன்ற நைட்ரஜன் கொண்ட சேர்மங்களை, பிரித்துக் கட்டுரை எழுதும் எவரும், அதே செடியை அழுத்தி உலர்த்திய மாதிரித் தாளை உங்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். நீங்களும் அந்தத் தாளோடு கொஞ்சம் காய்ந்த திசுவைத் தனி உறையில் போட்டு வைக்க வேண்டும்.

ஏன் என்பதற்குச் சிவப்பு பாப்பிகளே சாட்சி. கசகசாச் செடியின் பேரினமான பப்பாவரில் பிராக்டியேட்டம், ஓரியன்டேல், சூடோஓரியன்டேல் என்று மூன்று பல்லாண்டு இனங்கள் உண்டு. ஈரான், துருக்கி, காக்கசஸ் பகுதிகளின் மலைச்சரிவுகள் இவற்றின் தாயகம். பூவுக்கு அடியில் ஒட்டியிருக்கும் செதில்கள், இதழடியின் கரும்புள்ளி இவற்றை வைத்துத்தான் கண்ணால் பிரிக்க முடியும். உலர்ந்த தாளில் அதுவும் கைவிட்டுவிடுகிறது. அப்படி ஒரு தாளின் முன் லென்ஸோடு அரைநாள் உட்கார்ந்திருக்கிறேன். இதழ் நொறுங்கிக் கிடந்தது. செதில் உதிர்ந்துவிட்டதா, முதலிலேயே இல்லையா என்று கடைசி வரை தெரியவில்லை.

வேதியியல் இங்கே தெளிவாகப் பேசுகிறது. பிராக்டியேட்டத்தில் மேலோங்கும் ஆல்கலாய்டு தீபெயின், ஓரியன்டேலில் ஓரிபாவின், சூடோஓரியன்டேலில் ஐசோதீபெயின். குரோமோசோம்களும் முறையே 14, 28, 42 என்று தனித்தனியாக நிற்கின்றன. சிலிக்கா பூசிய தகட்டில் சாற்றைப் புள்ளியாக வைத்து, கரைப்பானில் ஏறவிட்டு, ஆல்கலாய்டுகளைக் காட்டிக்கொடுக்கும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆரஞ்சுப் புள்ளிகள் எழும்பும். தெரிந்த சேர்மங்களைப் பக்கத்திலேயே ஓடவிட்டால், எது எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒப்பிட்டுவிடலாம்.

ஆனால் தோட்டங்களில் ஓரியன்டேல் என்ற பெயரில் வளர்பவற்றில் பல, உண்மையில் சூடோஓரியன்டேலோ கலப்பினமோதான். மாதிரித் தாள் ஒப்படைக்காத கட்டுரையில் 'ஓரியன்டேல்' என்றிருந்தால் எதை நம்புவது?

ஆல்கலாய்டை மட்டும் நம்பியும் ஏமாறலாம். காபியிலும் தேயிலையிலும் காஃபீன் இருக்கிறது; இரண்டும் அதைத் தனித்தனி வழியில் உருவாக்கக் கற்றவை, உறவு நெருக்கமானதல்ல. புகையிலை நிகோடினை வேரில் செய்து இலைக்கு அனுப்புகிறது. புகையிலை வேர் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டினால் தக்காளி இலையிலும் நிகோடின் வந்துவிடும். ஐப்போமியா என்ற கொடிவகைப் பேரினத்தின் இனங்கள் சிலவற்றில் காணும் எர்காட் வகை ஆல்கலாய்டுகளோ செடியுடையதே அல்ல, அதோடு ஒட்டி வாழும் பெரிக்லாண்டுலா என்ற பூஞ்சையுடையது. பூஞ்சைக்கொல்லி போட்டால் ஆல்கலாய்டும் போய்விடுகிறது! இதையெல்லாம் கவனிக்காமல் புது இனம் அறிவித்தால், பூஞ்சைக்குச் செடியின் பெயரைச் சூட்டியவர்களாவோம்.

எனவே உறையின் மேல் எந்த உறுப்பு, பூக்கும் முன்பா காய்த்த பிறகா, எத்தனை செடிகளிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே செடியின் சாற்றை வைத்து இனத்துக்கே முத்திரை குத்துவதை இதழாசிரியர்களும் ஏற்கக் கூடாது. தாளைச் சிதைக்க நீங்கள் தயங்குவது நியாயம்தான். அதனால்தான் சேகரிக்கும்போதே தனி உறை கேட்கிறேன். பல ஆல்கலாய்டுகள் உலர்ந்த திசுவில் பல பத்தாண்டுகள் தங்கும்.

நான் பார்த்த அந்தத் தாளோடு ஒரு காய்த் துணுக்கு இருந்திருந்தால், அன்று மாலைக்குள் அந்தச் செடிக்குச் சரியான பெயர் கிடைத்திருக்கும்.

அன்புடன்,
தாவர வேதியியல் ஆய்வாளர் ஒருவர்