தேனுவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தேனு,

போன் போட்டால் "டியூட்டிம்மா, அப்புறம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறது. பாமணியில் கரை தொட்டுத் தண்ணீர். சம்பா நாற்று அழுகிவிடும் என்று அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போயிருக்கிறார். நீ இருக்கும் பக்கமும் மழை என்று டிவியில் சொன்னான். ஈர ரன்வே என்றால் எனக்குத் தூக்கம் வராது, தெரியும்தானே.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீச்சர் புத்தி போகுமா? 65 டன் விமானம் விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் தரை தொட்டால் உந்தம் 45,50,000 கி.கி. மீ/வி. அதை 30 விநாடியில் நிறுத்த, சராசரியாக ஒன்றரை லட்சம் நியூட்டன் விசை வேண்டும். ஓடும் தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதி நேரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் விசை இரண்டு மடங்கு. உன் மாமா, "பிரேக் சூடாகி உந்தம் கரைஞ்சிடும்" என்று சாதிக்கிறார். சூடாகப் போவது ஆற்றல். உந்தம் எங்கே கரையும்? டயர் வழியாகப் பூமிக்கும், என்ஜினில் இருக்கும் ரிவர்சர் முன்பக்கம் தள்ளும் காற்றுக்கும் கைமாறும், அவ்வளவுதான். இறக்கை மேல் இருக்கும் ஸ்பாய்லர் தகடுகள் எழும்பிப் பாரத்தையெல்லாம் சக்கரத்தில் இறக்கினால்தான் பிரேக் நன்றாகப் பிடிக்கும். நடுவில் தண்ணீர் புகுந்து டயர் மிதந்துவிட்டால் பூமியிடம் கொடுக்க வழி ஏது?

கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 அன்று அந்த விமானம் இறங்கும்போது மழை, பின்காற்று வேறு. ஓடுபாதையில் பாதி போன பிறகுதான் சக்கரம் தொட்டது. 21 பேர் போனார்கள். "இறங்காம மறுபடி மேலே ஏறி கோ-அரவுண்ட் போயிருக்கணும்மா" என்று நீதான் அன்றைக்குச் சொன்னாய்.

பக்கத்தில் இருக்கும் கேப்டன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், சரியில்லை என்று பட்டால் வாயைத் திறந்து சொல்லு. உன் யூனிஃபார்ம் போட்டோவை நான் காட்டாத வீடு நம் தெருவில் இல்லை. ஆனால் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு நீ சிரித்த மாதிரி ஒரு போட்டோ வரவில்லை. சரி, வேலை இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளி. சரியில்லை என்று பட்டால் சொல்லு.

ரிவர்சரைத் திறக்கும்வரை மேலே ஏறிக்கொள்ளலாம், திறந்துவிட்டால் நின்றே ஆக வேண்டும் என்பாயே. மண்டபத்துக்குக் கொடுத்தது வெறும் முன்பணம்தான். பத்திரிகையும் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, ப்ரூஃப் என் பீரோவில் இருக்கிறது. மாசக் கடைசியில் கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. அதற்குள் ஒருநாள் கூப்பிடு. எந்நேரமானாலும் சரி. பத்து மணிக்கு மேல் அவர் தூங்கிவிடுவார், நான்தான் எடுப்பேன்.

அம்மா
மன்னார்குடி