செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: தர்மபுரி வட்டார ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்களின் பொதுக்குழுவில் வைக்கப்பட்டது

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, ‘வந்துகொண்டே இருக்கிறேன்’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு இன்னும் வராத உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நடவடிக்கைகளைச் சங்க விதிப்படி பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். அவர்கள் வீட்டாருக்குக் குடும்ப ஓய்வூதியப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தோம். சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றினோம். பொங்கல் விழா நடந்தது. ஓய்வூதியர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் நேர்காணலுக்காகக் கருவூலத்துக்கு வந்த மூத்த உறுப்பினர்களுக்கு உதவி மேசை போட்டோம். அகவிலைப்படி பற்றியும் காப்பீட்டில் மறுக்கப்பட்ட சிகிச்சைத் தொகை பற்றியும் மனுக்கள் அனுப்பினோம். பதில் வந்ததும் தெரிவிக்கப்படும். இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். அதில் மிக அதிக அழுத்தம் பதிவானவர் நம் பொருளாளர். சந்தா வசூல் அவர் பொறுப்பு என்பதால் யாரும் வியக்கவில்லை.

இனி, ‘இதற்கெல்லாம் சங்கப் பணமா?’ என்று செயற்குழுவில் இரண்டு முறை கேட்கப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்தைச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்தை நான் ஏன் தொடங்கினேன் என்பதை ஒரு முறையாவது முழுதாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கிருஷ்ணகிரிக்கு 2022இல் வந்தது. செவிலியர் படிப்பு, மருந்தாளுநர் படிப்பு, ஆய்வக நுட்பநர் படிப்பு என்று சாலையோரப் பலகைகளுக்கும் குறைவில்லை. நம் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு உள்ளே நுழையும் வழியைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நுழைந்தபின் முப்பது ஆண்டுகள் என்ன நடக்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. முப்பது ஆண்டுகளைக் கடந்து வந்தவர்கள் நிறைந்த சங்கம் நம்முடையது. மருத்துவத் துறையில் பெயர் பெற்றவர்கள் எந்த வழியில் நடந்தார்கள் என்று மாதம் ஒருவரை எடுத்துப் பேசலாம், மாணவர்களையும் அழைக்கலாம் என்று முன்மொழிந்தேன். தீர்மானம் நிறைவேறியது. கைதூக்கியவர்களில் பாதிப் பேர் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை என்பதைப் பதிவேடு காட்டும்.

பேசுபவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். பிறந்தார், வளர்ந்தார், விருது பெற்றார் என்று வாசிக்கக் கூடாது. முப்பது வயதில் அவர் என்ன சம்பளம் வாங்கினார், எந்த வேலையை வேண்டாம் என்றார், யார் தாங்கிப் பிடித்தார்கள், தனக்குப் பின்னால் யாரை உருவாக்கினார் என்று சொல்ல வேண்டும். விருதுப் பட்டியல் வேண்டுவோர் பொது அறிவுப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கூட்டம் மருத்துவர் வி. சாந்தா அவர்களைப் பற்றியது. 1949இல் எம்.பி.பி.எஸ்., 1955இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. அரசுப் பணியாளர் தேர்விலும் தேறி, பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் நியமனம் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, அடையாறில் அதற்கு முந்தைய ஆண்டுதான் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே ஒரு குடியிருப்பும். 2021இல் மறையும் வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த செவிலியர் மாணவி ஒருவர், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை, எழுந்து, “சம்பளம் இல்லாத மூன்று வருடமும் அவர் வீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள் ஐயா?” என்று கேட்டார். நம்மவர்களில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குச் சொல்கிறேன், இவ்வாண்டு கேட்கப்பட்ட கேள்விகளில் உருப்படியானவற்றில் அது முதலாவது. சாந்தா அவர்கள் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமனுக்கும் எஸ். சந்திரசேகருக்கும் உறவினர், படித்த குடும்பம். அவர் விட்டது பெரிய வேலை என்பது உண்மை. விட்டுவிட முடிகிற இடத்தில் அவர் இருந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும். அவருடைய தியாகத்தை மட்டும் சொல்லி அனுப்பினால், மாதச் சம்பளத்துக்குப் போவதே குறைவு என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள். நாம் எல்லோரும் மாதச் சம்பளத்துக்குத்தானே போனோம்?

அடுத்த மாதம், அந்த மருத்துவமனைக்கே மூலமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர், 1912இல் மருத்துவரானவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மருத்துவமனைக்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் திறந்தார்கள். அப்போது அம்மையாருக்கு 68 வயது ஆகப்போகிறது. நம் சங்கத்தில் 68 வயதுக்காரர்கள் முழங்கால் வலி என்று கூட்டத்துக்கு விடுப்புச் சொல்கிறார்கள். வலியை நான் மறுக்கவில்லை. அதே முழங்காலோடு கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசையில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மழை காரணமாக ஒரு கூட்டம் நடக்கவில்லை. இடமும் மாணவர்களும் தருவதாக ஒப்புக்கொண்ட ஒரு தனியார் கல்லூரி முதல்நாள் இரவு கைவிரித்ததால் இன்னொரு கூட்டம் நடக்கவில்லை. வேலூரில் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையை 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஐடா ஸ்கடர் அவர்களைப் பற்றிய கூட்டம் நடந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பற்றி நம் மூத்த சுகாதார ஆய்வாளர் ஐயா மிக அருமையாகப் பேசிய நாளில், மண்டபத்தில் மின்விசிறிகளைவிட ஆட்கள் குறைவு.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் கூட்டம்தான் திருப்பம். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்து, அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்றது 1976இல், 58 வயதில். அதே ஆண்டில் உடன்பிறந்தவர்களின் துணையோடு 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். ‘ஓய்வு பெற்ற ஆண்டிலேயே’ என்ற சொற்களை நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னதாகச் சிலர் வருத்தப்பட்டார்கள். அழுத்தித்தான் சொன்னேன்.

அன்று கடைசி வரிசையில் இருந்த, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் சகோதரி ஒருவர் கையைத் தூக்கினார். “மாதாமாதம் டாக்டராகவே கொண்டுவருகிறீர்களே, செயலாளர் ஐயா. இந்தத் துறையில் வேறு யாரும் பயணமே போகவில்லையா?” என்றார். பதில் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு மருத்துவர் ஒரே நாளில் அத்தனை பேருக்கு அறுவை செய்ய முடிந்தது எப்படி? கிராமத்தில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கு உதவி வரை அவர்கள் கையில் ஒப்படைத்ததால்தான். அரவிந்தின் வேலையில் பெரும்பகுதி அந்தப் பெண்களின் கையில் நடக்கிறது.

அந்தக் கேள்வியின் தொடர்ச்சியாகத்தான் சிட்லிங்கிப் பயணம். நம் மாவட்டத்திலேயே இருக்கிற இடம். அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போக வேண்டும். கேரளத்திலிருந்து வந்த மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும், காந்திகிராமத்தில் வேலை பார்த்துவிட்டு, 1993இல் அங்கே ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு அது. அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, உள்ளூர் மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. இன்று அது முழு மருத்துவமனை; சிசு மரணம் பல மடங்கு குறைந்திருக்கிறது. வேனுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் காலையில் வரவில்லை. வேன் வாடகை ஆள் கணக்கில் குறையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொருளாளர் அறிவார்.

திரும்பி வந்தபின் அந்தச் சகோதரியையே பேச அழைத்தோம். மேடை வேண்டாம் என்றார். பழைய தடுப்பூசிக் குளிர்பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். நான்கு ஐஸ் பேக்குகளை எடுத்து, ஒன்றை மாணவி ஒருவரின் காதருகே ஆட்டிக் காட்டினார். “உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கிறதா? கேட்டால்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கல்லாய் உறைந்ததை அப்படியே வைத்தால் முத்தடுப்பு ஊசி மருந்தும் உறைந்து வீணாகிவிடும்” என்றார். வத்தல்மலைக்குச் சரியான பாதை இல்லாத காலத்தில் அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து ஏறியதையும், தட்டம்மை மருந்தைக் கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால் எந்த வீட்டில் முதலில் நுழைவது என்று கீழேயே கணக்குப் போட்டுக்கொண்டதையும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடிய தாய்மார்களையும், இரண்டு வருடம் கழித்து அதே தாய்மார்கள் வாசலில் காத்திருந்ததையும் சொன்னார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடென்று சான்று கிடைத்தபோது தான் கருவூலத்தில் சம்பள நிலுவைக்காக வரிசையில் நின்றிருந்ததாகவும் சொன்னார். மாணவர்கள் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. போண்டா ஆறிப்போன ஒரே கூட்டமும் அதுதான்.

அதன்பின் உறுப்பினர்களையே பேச வைப்பது என்று முடிவெடுத்தேன். இங்கேதான் என் மனக்குறை. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த நாள்களில் வீடு வீடாகத் தோலைப் பார்த்து நடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பற்களில் காவியேறிய பிள்ளைகளின் ஊர்களில் குடிநீர் மாதிரி எடுத்து, ஃபுளோரைடு அளவு பார்த்து, ஒகேனக்கல் தண்ணீர் வரும்வரை அறிக்கை எழுதிய ஆய்வக நுட்பநர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய்க் கேட்டேன். ‘நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்’ என்றார்கள். இதே நண்பர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் சொல்வார்கள். மைக் பிடித்தால் மட்டும் அடக்கம் வந்துவிடுகிறது. அடுத்த தலைமுறைச் சுகாதாரப் பணியாளர்கள் இப்போது வேலை பழகிக்கொண்டிருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்கள் நம்மைக் கேட்டால், சொல்ல நம்மிடம் ஆள் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

சந்தா பற்றி. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். அதை உயர்த்தும் தீர்மானம் மூன்று ஆண்டுகளாக ஒத்திவைக்கப்படுகிறது. ஒத்திவைக்கச் சொல்பவர்களே நிலுவை வைத்திருப்பவர்கள். பெயர்களைப் பலகையில் ஒட்டலாம் என்று செயற்குழுவில் ஆலோசனை வந்தது. ஒட்டினால் செயற்குழுவினர் சிலரின் பெயரும் வரும் என்பதால் கைவிடப்பட்டது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்குள் செலவு ஏறத்தாழ அடங்கியது. அடங்காத பகுதியை வைப்புத்தொகையின் வட்டி பார்த்துக்கொண்டது. தணிக்கையாளர் கேட்ட சில இரசீதுகள் கிடைத்தவுடன் கணக்கு இறுதி செய்யப்படும். இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு ஆன செலவு, பொங்கல் விழாவில் சால்வைக்கு ஆன செலவைவிடக் குறைவு என்பதை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்.

மண்டபம் தந்து உதவிய நண்பருக்கும், ஒலிபெருக்கி கொடுத்தவருக்கும், தேநீர் கொண்டுவந்த தம்பிக்கும், மாணவர்களை அனுப்பிய கல்லூரி ஆசிரியர்களுக்கும், சங்கத்தின் தூண்களான தலைவருக்கும் பொருளாளருக்கும், செய்தி வெளியிட்ட நிருபர்களுக்கும் நன்றி. விடுபட்டவர்கள் பொறுத்தருள்க.

வரும் ஆண்டு பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறேன். இந்தப் பொறுப்பில் தொடர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் இல்லை. வீட்டிலும் கேட்கிறார்கள். யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். போன ஆண்டும் இதையே சொன்னேன், அப்போது எல்லோரும் கைதட்டினீர்கள். கைதட்டல் எனக்கு ஆதரவா அல்லது சம்மதமா என்று விளங்காததால் தொடர்ந்தேன். மறுபடியும் என்னையே நிற்கச் சொன்னால், இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம் நிற்காது என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். செவிலியர் மாணவிகள் இரண்டு பேர் இதுவரை பேசியவற்றைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டச்சு செய்து ஒரு சிறு நூலாக்க ஆகும் செலவுக்குச் சங்கத்தில் தலைப்பு இல்லை. தலைப்பு உருவாக்குவது பொதுக்குழுவின் விருப்பம்.

வரும் இரண்டாம் சனிக்கிழமைக்குப் பேசுபவர் இன்னும் முடிவாகவில்லை. பெயர் கொடுக்க விரும்புபவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் மண்டபம் காலியாகிவிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்