பிள்ளைகள் பெயரில் வந்த பணத்துக்குக் கணக்கைக் காட்டுங்கள்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாக அறங்காவலர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அம்மா அவர்களுக்கும், மற்ற அறங்காவலர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறக்கட்டளையின் குழந்தைகள் இல்லத்துக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்தபோது வார்டன் எங்கள் கையில் ஆளுக்கொரு சுற்றறிக்கை கொடுத்தார். நிதி நெருக்கடி காரணமாக அடுத்த மாதம் முதல் பிள்ளை ஒன்றுக்கு 1,500 ரூபாய் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டுமாம். கட்ட முடியாதவர்கள் மாதக் கடைசிக்குள் பிள்ளையை அழைத்துப் போகலாமாம். கீழே கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. நெருக்கடி எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எங்கே துண்டு விழுகிறது என்று எதுவும் இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் அக்கா மகள் உங்கள் இல்லத்தில் இருக்கிறாள். மாமா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அக்கா உப்பளத்து வேலைக்குப் போகிறாள். மண்டபம், வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், எல்லோர் கதையும் ஏறக்குறைய இதுதான். இல்லத்தை நீங்கள் தொடங்கிய காலம் எங்களுக்கு மறந்துபோகவில்லை. ஐயா அவர்களே தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைச் சேர்த்தீர்கள். மீன் ஏலக்கூடத்தில் உங்கள் உண்டியலை வைக்க இடம் கொடுத்தது இந்த ஊர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் கடல்பாசி பறிக்கிற பெண்கள் ஒரு நாள் பாசிக் காசை அப்படியே உங்களிடம் கொடுத்தார்கள். கணக்குக் கேட்கிற உரிமை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அந்த உண்டியலிலிருந்துதான் வந்தது.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் தண்ணீர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போர் போட்டால் உப்பு. காவிரிக் குழாய் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைத்தவர்கள் எங்கள் அம்மாக்கள். அதனால்தான் இல்லத்துக்கு லாரித் தண்ணீர் வருகிறது என்று கேட்டபோது, நம் வீட்டில் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கிறதே என்று மனம் நிறைந்தது.

அந்த லாரி இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது. பெண் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் ஒரு பச்சைக் குடம் இருக்கிறது. அதன் வயிற்றில், பாதிக்குச் சற்று மேலே, பெயிண்டால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. குளிக்க நல்ல தண்ணீர் அந்தக் கோடு வரைதான். மீதிக்குப் போர் தண்ணீர். துணி துவைப்பது முழுக்கப் போர் தண்ணீரில். என் அக்கா மகளின் பள்ளிக்கூடச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன், காய்ந்து விறைத்துப்போய் இருந்தது, மடித்தால் மடிப்பிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது. கழுத்துப் பட்டை உரசி உரசித் தோல் சிவந்திருந்தது. மாதவிலக்கு நாளில் என்னடி செய்கிறாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம், அந்த நாட்களில் பெரிய பிள்ளைகள் தங்கள் பங்குத் தண்ணீரை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொள்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பதிமூன்று வயதுப் பிள்ளைகள் இப்படித் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டு, வெளியே யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

இதே ஆண்டில்தான் இல்லத்தின் முன்னால் புதிய நுழைவு வளைவு எழும்பியது. கிரானைட் பதித்து, அறங்காவலர்கள் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து, விழா எடுத்தீர்கள். விருந்தினர்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தீர்கள். பிள்ளைகள் வெயிலில் நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். விழா முடிந்து கார்கள் போன பிறகு, நாற்காலிக்கடியில் பாதி குடித்துப் போட்டிருந்த பாட்டில்களைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டார்கள். அன்று பந்தி பரிமாற வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அதைக் கேட்ட இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வளைவு கட்டியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கென்றே யாராவது தனியாகப் பணம் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். தண்ணீருக்கு வந்த பணம் தண்ணீருக்குப் போனதா என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்குப் பதில் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதைக் காட்டுங்கள்.

பெண்கள் குழுவில் கணக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அந்தந்த ஆண்டே அறப்பணிக்குச் செலவழிக்க வேண்டும், முடியாவிட்டால் எதற்காகச் சேர்த்து வைக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அறங்காவலருக்கோ அவர் உறவுக்காரருக்கோ அறக்கட்டளைப் பணத்தால் ஆதாயம் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. வெளிநாட்டு நன்கொடை டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் ஒரே கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு அது 50 ஆக இருந்தது. அந்தப் பணத்துக்கு ஆண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆடிட்டர் சான்றோடு மத்திய அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே கணக்கு இன்னும் தயாராகவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. அரசுக்குக் கொடுத்த அதே கணக்கைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

பிள்ளையை மாதக் கடைசிக்குள் கூட்டிப் போங்கள் என்கிற வரிக்கும் வருகிறேன். இந்தப் பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு உங்களிடம் சேர்ந்தவர்கள். திரும்ப வீட்டுக்கு அனுப்புவதென்றாலும் அந்தக் குழுதான் உத்தரவு போட வேண்டும். வாடகை தராத குடித்தனக்காரரிடம் சொல்வதுபோல ஒரு துண்டுச் சீட்டில் சொல்லி அனுப்ப முடியாது. 1,500 ரூபாய் சின்னத் தொகைதானே என்று உங்களில் யாருக்காவது தோன்றினால் ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்று பிள்ளைகளை விட்டிருக்கிற ஒரு வீட்டுக்கு மாதம் 4,500. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத்துக்கு உங்களுக்குக் கட்ட வேண்டியது 9,000 ரூபாய். தடைக்காலத்துக்கு அரசு ஒரு குடும்பத்துக்குத் தருகிற நிவாரணமே 8,000 ரூபாய்தான்.

அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கிப் படித்தோம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அறங்காவலர் கூட்டம் நடக்க வேண்டும், ஊரைச் சேர்ந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஷரத்துகள். ஆனால் ஊர்க்காரராக இருந்த பெரியவர் காலமான பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. இப்போது குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம். ஒரே வீட்டுக்காரர்களே காசோலையில் கையெழுத்துப் போட்டு, செலவுக்கு ஒப்புதல் கொடுத்து, கணக்கையும் சரிபார்த்துக்கொண்டால், எவ்வளவு நேர்மையான குடும்பமாக இருந்தாலும் ஊருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தச் சந்தேகம் உங்கள் பெயருக்கும் நல்லதில்லை.

எங்கள் படகில் இது நடக்காது ஐயா. படகு கரைக்கு வந்து மீன் விலை போனதும், டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு, சாப்பாட்டுச் சாமான் இவ்வளவு என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார். புதிதாக ஏறிய சின்னப் பையன்கூட, ஐஸுக்கு ஏன் போன தடவையைவிடக் கூட என்று கேட்கலாம். கேட்டதற்காக முதலாளி கோபித்துக்கொண்டால் அடுத்த நாள் அந்தப் படகுக்கு ஆள் வராது.

ஆனால் நல்லது செய்கிறவர்களிடம் மட்டும் கணக்குக் கேட்கக் கூடாதாம். ஊரில் பெரியவர்களே எங்களிடம் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தக் கரைக்காரர்களை எல்லோரும் வாங்கிக்கொள்கிறவர்களாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். புயல் அடித்தால் அரிசி மூட்டையோடு லாரி வரும், லாரியின் முன்னால் பேனர் வரும். வரிசையில் நின்று கையை நீட்ட வேண்டும், கையை நீட்டியதைப் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அரிசி வேண்டுமா, வலை வேண்டுமா, இலங்கைச் சிறையில் இருக்கிற ஆளை மீட்க வக்கீல் வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை. இல்லத்திலும் அதுவே நடக்கிறது. யாரோ பிறந்தநாள் கொண்டாட வருகிறார்கள், பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் கேக் ஊட்டிப் படம் எடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறார்கள். பராமரிப்பில் இருக்கிற குழந்தையை அடையாளம் காட்டும்படி படத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. என் அக்கா மகளின் முகம் உங்கள் நன்கொடைத் துண்டறிக்கையில் இருக்கிறது. அவளிடம் கேட்டீர்களா? அவள் அம்மாவிடம் கேட்டீர்களா? அந்த முகத்தைக் காட்டி எவ்வளவு வாங்கினீர்கள், அதில் அவளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு சண்டை போட எங்களுக்கு விருப்பமில்லை. இல்லம் மூடிப்போனால் முதலில் தெருவில் நிற்பது எங்கள் பிள்ளைகள்தான்.

தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது பற்றி 2007இல் தொடங்கிய வழக்கில்தான், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் உள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்கென்று ஒரு குழு வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். நம் இல்லத்தில் பிள்ளைகள் குழு ஒன்று உண்மையாகவே கூடியிருந்தால், அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி முதல் கூட்டத்திலேயே பேசியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக் குழு வந்து பார்க்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அவர்கள் வந்து எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் எங்களுக்குக் காட்டுங்கள்.

பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்தால் போதும், நீதிமன்ற அனுமதியோடு கணக்குக் கேட்டும் அறங்காவலரை மாற்றக் கோரியும் வழக்குப் போடலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92வது பிரிவு சொல்வதை வக்கீல் ஒருவர் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினால் முடிகிற காரியத்துக்குக் கோர்ட்டுப் படி ஏற வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறோம்.

ஆகவே தயவுசெய்து அந்தச் சுற்றறிக்கையை முதலில் நிறுத்தி வையுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கை, தமிழில், எங்களுக்குப் புரிகிற மாதிரி இல்லத்தின் வாசலில் ஒட்டுங்கள். உள்நாட்டுப் பணம், வெளிநாட்டுப் பணம், அரசுப் பணம், ஏலக்கூட உண்டியல் என்று தனித்தனியாக இருக்கட்டும். தண்ணீர், சாப்பாடு, சம்பளம், கட்டடம், வண்டி என்று செலவும் தனித்தனியாக இருக்கட்டும். அடுத்த மாதம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைப் பார்க்க நாங்கள் வருகிற நேரத்திலேயே ஒரு கூட்டம் போட்டு அதை வாசியுங்கள். காலியாக இருக்கிற ஊர்க்காரர் இடத்துக்கு அன்றே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அவர் பிள்ளையை அங்கே விட்டிருக்கிற ஒரு தாயாக இருந்தால் இன்னும் நல்லது. உண்மையிலேயே துண்டு விழுகிறது என்றால் அதையும் அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள். பாசிக்குப் போகிறவர்களும் கருவாடு போடுகிறவர்களும் எங்களால் ஆனதைப் பிரித்துத் தருகிறோம், உண்டியலையும் நாங்களே தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருகிறோம்.

கூட்டத்துக்குக் காத்திருக்க முடியாதது ஒன்று இருக்கிறது. இந்த வாரமே பழையபடி லாரித் தண்ணீரை வரச் செய்யுங்கள். அதற்கு எவ்வளவு ஆகும் என்று வார்டனிடம் சொல்லி அனுப்புங்கள், கூட்டம் நடக்கிற வரை அந்தச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். பில்லை மட்டும் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
இல்லத்துப் பிள்ளைகளின் பெற்றோர், பாதுகாவலர்கள் சார்பாக,
பிள்ளை ஒருத்தியின் சித்தி