ஒரு கட்டை இறக்கிப் பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம்; மழைதான் விட்டபாடில்லை. தை பிறந்ததும் மட்டக்களப்பு வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு வந்து இருக்கப் போகிறாய் என்பது நல்ல செய்தி. பென்சன் எடுத்தாயிற்று, இனித் திரும்பப் பாடலாமா, இந்த வயதில் கொழும்பில் யார் சொல்லித் தருவார்கள் என்றும் கேட்டிருக்கிறாய்.

சொல்லித்தர ஆள் இல்லாத ஊரா இது? பின்னேரம் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் நடந்தால் ஏதோ ஒரு மாடியில் ஜண்டை வரிசை (சுரத்தை இரட்டித்துப் பாடுகிற பாலபாடம்) கேட்கும். திரும்பப் பாட வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் வேறு. இருபத்தைந்து வயதில் எந்தச் சுருதியில் பாடினார்களோ அதையே வைத்துத் தொடங்குவார்கள். ஒரு மாதத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். குரல் போய்விட்டது என்று கொப்பியை மூடிவிடுவார்கள். பாடாமல் விட்ட குரலில் முதலில் சுருங்குவது மேல்ஸ்தாயி. கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைச் சொல்கிற கணக்கு, எண் கூடினால் சுருதி உயரும். நீ 2 கட்டையில் பாடினவன் என்றால் 1 கட்டையில் தொடங்கு. இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதே.

சரியான கட்டையைப் பிடிக்கிற வழி சொல்கிறேன். விடிய எழும்பின கையோடு பார்க்காதே. அப்போது குரல் தடித்துக் கீழே இறங்கி நிற்கும், நீயும் ஏமாந்துபோவாய். பத்து மணிக்குப் பிறகு, கொஞ்ச நேரம் வாயை மூடி 'ம்' என்று முனகிவிட்டுத் தம்பூராவைப் போடு. 1 கட்டையில் ஸ பாடி, மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் (கீழ்ஸ்தாயிப் ப) வரை படிப்படியாய் இறங்கி, அங்கே 'ஆ' என்று ஐந்து செக்கன் நில். அது குரலாக இருக்க வேண்டும், வெறும் காற்றாக இருக்கக் கூடாது. பிறகு தார ஸ்தாயி அந்தர காந்தாரத்துக்கு (மேல்ஸ்தாயிக் க) ஏறி, நாடி நிமிராமல், கழுத்து நரம்பு புடைக்காமல் அதே ஐந்து செக்கன். இந்த இரண்டுக்கும் இடையில் ஆர்மோனியத்தில் கறுப்பும் வெள்ளையுமாய் 21 கட்டை தூரம். 1 கட்டையில் பாடுகிற ஆணுக்கு ஏறக்குறைய 98 ஹேர்ட்ஸிலிருந்து 330 வரை. மேலே இடித்தால் அரைக் கட்டை இறக்கு, கீழே காற்றானால் அரைக் கட்டை ஏற்று. இரண்டு பக்கமும் இடித்தால் கீழ்ப் பக்கத்தைக் காப்பாற்று. கீழ் எல்லை உடம்போடு பிறந்தது, பயிற்சியால் அதிகம் நகராது. மேல் எல்லை மூன்று நான்கு மாதத்தில் மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

கீபோர்ட்டில் சுருதி பார்க்கிறபோது ஒன்றைக் கவனி: மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. வெள்ளைக் கட்டைகள்தான் 1, 2, 3 என்று எண்ணப்படுகின்றன. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. 'மூன்றரைக்கு வை' என்று கேட்டு வாத்தியக்காரரைச் சிரிக்க வைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பயிற்சிக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாய் மூன்று மணி நேரம் பாடுகிறவருக்குத் தொண்டைக் கரகரப்புத்தான் மிச்சம். முதல் ஐந்து நிமிடம் குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ரோ ஒன்றை அரைக் கிளாஸ் தண்ணியில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டு, அதற்குள் 'ஊ' என்று ஸ-விலிருந்து ப வரை ஏறி இறங்கு. குமிழி ஒரே சீராய் வர வேண்டும். தண்ணி காற்றை எதிர்த்துத் தள்ளுவதால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று அடிபடாமல் இலேசாய்ச் சேரப் பழகும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாய் இருக்கும், கதவைச் சாத்திக்கொள்.

அடுத்த பத்து நிமிடம் வெறும் ஸ. தம்பூராவைப் போனின் சின்ன ஸ்பீக்கரில் வைக்காதே, அதில் ஆண் சுருதியின் அடிநாதம் வராது, மேல் நாதங்களின் கீச்சுத்தான் கேட்கும். கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் போடு. 1 கட்டை ஸ சுமார் 131 ஹேர்ட்ஸ். நீ 133 பாடினால் காதில் செக்கனுக்கு இரண்டு தரம் ஓர் அலைவு கேட்கும். கிட்டப் போகப் போக அது மெதுவாகி, ஒட்டின இடத்தில் நின்றுவிடும். அப்போது உன் குரல் உனக்கே தனியாகக் கேட்காது. கனகாலம் பாடினவர்களிடம் மறக்க முடியாத நேரம் எது என்று கேட்டுப் பார், பாதிப் பேர் மேடையைச் சொல்ல மாட்டார்கள், வீட்டு அறையில் இது முதல் தரம் நடந்த பொழுதைத்தான் சொல்வார்கள்.

மிச்ச நேரம் மாயாமாளவகௌளை ராகத்தில் பாலபாடங்கள்: சரளி, ஜண்டை, அலங்காரம். மெட்ரோனோமை 60இல் வை. முதற் காலத்தில் (முதல் வேகத்தில்) ஒரு தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு. மூன்றாங் காலம் தெளியாவிட்டால் 50க்கு இறக்கு, காலத்தை விட்டுவிடாதே. வழுக்குகிற இடங்கள் தெரிந்தவைதான்: ஏறும்போது சுத்த ரிஷபம் கூடிப்போகும், இறங்கும்போது காகலி நிஷாதம் குறைந்துபோகும். அகாரத்தில் ('ஆ' என்று மட்டும்) பாடும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் 'ஹ ஹ' என்று காற்றுத் தள்ளுகிறதும் பொதுவான பிழை. சுரம் பிரியவில்லையே என்ற பயத்தில் வருவது அது. வேகத்தைக் குறைத்தால் தானே போய்விடும். பாடினதைப் பதிவுசெய்து அடுத்த நாள் கேள். உடனே கேட்டால் காது பாடினவன் பக்கம்தான் சாயும். கடற்கரைப் பக்கத்து மாடியென்றால் ரயில் போகிற நேரத்தைப் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டியிருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஆசிரியரைத் தேடும்போது பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற வகுப்பில் போய் இருக்காதே. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை நல்ல பரீட்சைதான்; ஆறாந்தரம் முடித்துக் கலாவித்தகர் பட்டம் பெற்றவர்கள்தான் இங்கே பலருக்கும் குரு. ஆனால் அங்கே பாடத்திட்டம் முடிய வேண்டும் என்ற ஓட்டம் இருக்கும். உனக்கு அந்த ஓட்டம் தேவையில்லை. யாழ்ப்பாணத்து மருதனார்மடம் இராமநாதன் இசைக் கல்லூரியில், பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அதிபராய் இருந்த அந்த மரபில் படித்தவர்களிடம் பாடம் கேட்டவர்கள் கிடைத்தால் விடாதே, பாடாந்தரம் (குரு வழியாய் வந்த பாடம்) சுத்தமாய் இருக்கும். முதல் நாளே கேட்டுக்கொள்: என் கட்டைக்கு இறங்கிச் சொல்லித் தருவீர்களா? பெண் ஆசிரியர் 5 கட்டையில் பாடுவார், நீ 1 கட்டை. அவர் சுருதியிலேயே நீயும் பாடினால் முழுப் பாட்டும் உன் தொண்டையின் உச்சியில் நிற்கும். நல்ல ஆசிரியர் வரியைத் தன் சுருதியில் ஒருமுறை காட்டிவிட்டுத் தம்பூராவை உன் கட்டைக்கு மாற்றிவிடுவார்.

கற்கிற வரிசையில் கீதத்தை (பாலபாடத்துக்கு அடுத்த எளிய பாட்டு) நீ தாண்டலாம். ஆதிதாள வர்ணம் ஒன்றை (சுரமும் சொல்லும் கலந்த பயிற்சிப் பாட்டு) எடுத்து, அதை மட்டும் ஒரு மாதம் இரண்டு காலத்தில் பாடு. இரண்டாங் காலத்தில் மூச்சு எங்கே எடுக்கிறாய் என்பதைக் கொப்பியில் சுரத்துக்கு மேலே பென்சிலால் குறித்துவை. குறிக்காவிட்டால் சொல்லின் நடுவில் மூச்சு விழும், சாகித்தியம் அறுந்து அர்த்தம் கெடும். யூடியூப்பில் கேட்டுப் பாடம் பண்ணுகிறவர்களுக்கு இன்னொரு வியாதி: பாடகரின் சங்கதியோடு (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுகிற விதம்) அவருடைய மூச்சையும் மூக்குக் குரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, அந்தந்த வரியை மட்டும் பதிவுசெய்துகொள். முழு வகுப்பையும் பதிவுசெய்து வைத்தவர் யாரும் அதைத் திருப்பிக் கேட்டதாய்த் தெரியவில்லை. சொல் இல்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனையை இப்போதைக்குத் தொடாதே. ராகம் பாட ஆசையென்றால் விருத்தம் (தாளமில்லாமல் செய்யுளை ராகத்தில் பாடுவது) பாடு. சொல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்.

மிருதங்கத்தோடு பாடுகிற முதல் நாள் பெரிய நாள். ஆனால் அன்றைக்குக் கெடுகிறவை அதற்கு முந்தின நாளே கெட்டவை. உன் கட்டையை வாசிக்கிறவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆண் சுருதிக்குத் தக்கு (கீழ்ச் சுருதி) மிருதங்கம், பெண் சுருதிக்கு ஹெச்சு (மேல் சுருதி). மிருதங்க உடலின் அளவே வேறு. வாரைத் தட்டி ஏற்றி இறக்குவதெல்லாம் கொஞ்சத் தூரத்துக்குத்தான், 5 கட்டை மிருதங்கத்தை 1 கட்டைக்குக் கொண்டுவர முடியாது. தொப்பியில் (இடப்பக்கத்து முகத்தில்) ரவையைக் குழைத்து அப்பவும் அவருக்கு நேரம் வேண்டும். நீ சமத்தில் எடுப்புள்ள (தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குகிற) பாட்டையே முதலில் வை. அரை இடத்து எடுப்பில் (முதல் தட்டுக்குச் சற்றுத் தள்ளித் தொடங்குவது), அவர் தீர்மானம் என்கிற முடிப்பை வைத்து முடிக்கிறபோது புதியவர்கள் எங்கே பிடிப்பது என்று தடுமாறுவார்கள். ஆதிதாளம் 4+2+2, தாளத்தை மடியில் போட்டு உன் கையையே பார், அவர் கையைப் பார்க்காதே. அனுபல்லவியில் (பாட்டின் இரண்டாம் பகுதியில்) எல்லோரும் ஓடுவார்கள், சுரம் மேலே போகும்போது மனமும் அவசரப்படுவதால். அதைத் தெரிந்துகொண்டு அங்கே வேண்டுமென்றே பிடித்துப் பாடு.

கோயிலில் பாடுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். பஞ்சபுராணம் (தேவாரத்தில் தொடங்குகிற ஐந்து திருமுறைப் பாட்டு) ஓத அழைத்தால் தம்பூரா இருக்காது, மணிச்சத்தம் அடங்கின கையோடு தொடங்க வேண்டும். அந்தச் சத்தத்தில் எல்லோரும் இரண்டு கட்டை கூட்டித்தான் பிடிப்பார்கள், திருப்பல்லாண்டுக்கு வரும்போது தொண்டை கிழியும். தொடங்க முன்னம் தேவாரத்தின் உச்ச இடத்தை மனதுக்குள் பாடிப் பார்த்து, அங்கிருந்து இறங்கி வந்து தொடக்கத்தைப் பிடி. தேவாரத்தின் பண்ணும் (பழந்தமிழ் ராகம்) உதவும். நட்டபாடையைக் கம்பீரநாட்டையில் பாடினால் தார ஸ்தாயி தேவைப்படும். கொல்லிப்பண் நவரோஜில் பாடுகிறது. அது மந்திரப் பஞ்சமத்துக்கும் மத்திய பஞ்சமத்துக்கும் இடையிலேயே உலாவுகிற ராகம், மேல் ஸ-வுக்கே போகாது. களைத்த குரலுக்கு அது வரப்பிரசாதம். திருவாசகம் வழக்கம்போல மோகனத்தில்.

கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் பாடக் கிடைத்தால் போ. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய மண்டபம். நாதம் கல்லில் பட்டுத் திரும்பி வந்து, நீ நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே வேகமான பிருகா எல்லாம் ஒன்றோடொன்று கலங்கிப்போகும். விளம்பமாய் (மெதுவாய்), ஒவ்வொரு அடி முடிவிலும் ஒரு மூச்சு இடைவெளி விட்டுப் பாடினால் மைக் இல்லாமலே கடைசித் தூண் வரை கேட்கும்.

மார்கழித் திருவெம்பாவை இன்னும் நல்லது, ஏனென்றால் அது கூட்டுப் பாட்டு. விடியற்காலைத் தடித்த குரல், பத்து நாள், இருபது பாட்டு. அங்கே வருகிற சிக்கல் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடுவது. 5 கட்டையில் தொடங்கினால் ஆண்கள் நாலாம் பாட்டில் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. 1 கட்டையென்றால் பெண்களுக்குக் கீழே கேட்காது. பாட்டு ஒரு ஸ்தாயிக்குள் அடங்குமானால் 3 கட்டை இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்: ஆண்களுக்குக் கொஞ்சம் மேலே, பெண்களுக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் ஒரே சுரத்தில் ஒரே குரலாய் வரும். தங்கச்சியும் பாட ஆசைப்படுகிறா என்று எழுதியிருந்தாய் அல்லவா, நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் சேர்ந்து பாடவும் அதுவே கட்டை.

கரோக்கேயைப் பழித்து ஒன்றும் எழுத மாட்டேன். கல்யாண வீட்டில் நீயும் மைக்கைப் பிடிப்பாய் என்று தெரியும். பாட்டின் தொடக்கத்தை வைத்துச் சுருதி முடிவுசெய்யாதே, சரணத்தின் உச்சத்தைப் பார். ட்ராக்கை இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் வாத்தியங்கள் குழைந்து கேட்கும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வை, உச்சத்துக்குப் போகும்போது ஒரு சாண் விலக்கு, தலையைக் கையால் பொத்தாதே, பொத்தினால் கூவும். வீட்டில் ட்ராக்கோடு பாடிப் பதிவுசெய்வதென்றால் வயர் உள்ள ஹெட்போன் போடு. புளூடூத்தில் இசை தாமதித்து வரும். நீ அதோடு சரியாய்ப் பாடினாலும் பதிவில் தாளம் பிந்தி நிற்கும்.

குரலைப் பற்றி இரண்டு வார்த்தை. குடிக்கிற தண்ணி குரல்நாணில் படுவதே இல்லை, உணவுக்குழாய் வழி போகிறது. ஆகவே பாட முன்னம் ஒரு மிடறு குடிப்பதைவிட ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னரே போதுமான அளவு குடித்திருக்க வேண்டும். செருமாதே, விழுங்கு. தொண்டை கட்டினால் கிசுகிசுப்பதும் கூடாது, பேசாமல் இரு. கொழும்புக் காற்றின் ஈரம் குரலுக்கு நல்லது. ஏசி அறையில் இரவு முழுவதும் படுத்தெழும்பி விடியப் பாடுவதுதான் கெடுதல். இராச்சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தள்ளினால் நெஞ்செரிவு தொண்டை வரை ஏறும், காலையில் கரகரக்கும்.

சுருதிப் பெட்டி, ஆர்மோனியம் ஒன்றும் இப்போது வாங்காதே. போனில் தம்பூராவும் மெட்ரோனோமும் இலவசமாய்க் கிடைக்கும். கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர் ஒன்று மட்டும் மகளிடம் சொல்லி வைத்திரு. கொப்பிகளை எல்லாம் சுமந்துகொண்டு வர வேண்டாம், வர்ணக் கொப்பி போதும். இங்கே வர முன்னமே ஸ்ட்ரோவும் ஸ-வும் தொடங்கிவிடு. கட்டை பார்த்து முடிந்ததும் எத்தனையில் நிற்கிறது என்று ஒரு வரி எழுது. ஆசிரியரிடம் நேரம் கேட்க முன்னம் எனக்கு அது தெரிய வேண்டும்.

தங்கச்சியையும் மகளையும் கேட்டதாய்ச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்