நீண்ட ஒலிப்பதிவுக்கு இடைத்தலைப்புகள் தேவை

ஐயா,

காரைக்குடி வட்டார விழாக்களின் பட்டிமன்றங்களையும் இலக்கிய உரைகளையும் இப்போது முழுமையாக இணையத்தில் ஏற்றுகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பியிருக்கும் என்னைப் போன்ற பார்வையற்றோர், மூன்று மணி நேரப் பதிவில் வேண்டிய பேச்சாளரைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. என் கைபேசியில் நகர்த்தும் பட்டையை ஒருமுறை தள்ளினால் நூற்றுக்கு 5 பங்கு தாவுகிறது. அதாவது 9 நிமிடம்! ஒருவர் பேச்சே அதற்குள் முடிந்துவிடும்.

பார்வையற்றோருக்கான ‘டெய்சி’ (DAISY) என்ற வடிவ ஒலிநூல்களில் தலைப்புவாரியாகத் தாவும் வசதி எப்போதோ வந்துவிட்டது. யூடியூபிலும் முடியும். விவரக் குறிப்பில் 0:00 தொடங்கி, நேரத்தையும் பேச்சாளர் பெயரையும் வரிக்கு ஒன்றாக, குறைந்தது மூன்று வரி எழுதினால் போதும். விழாக் குழுவினர் பதிவேற்றும்போதே இதைச் செய்துதர வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், தேவகோட்டை