லெப்டின் கூடினால் ஈஸ்ட்ரோஜன் கூடுமா?

ஆசிரியருக்கு,

உடல் பருமனும் மாதவிடாயும் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 'கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும். அதனால் சினைப்பை அதிக ஈஸ்ட்ரோஜன் சுரக்கும்' என்கிறது. லெப்டின் என்பது கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன்; ஆகவே முதல் பாதி சரி. இரண்டாம் பாதி ஏறக்குறையத் தலைகீழ்.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சினைப்பையில் ஒரே செல்லில் உருவாவதில்லை. கருமுட்டையைப் பொதிந்திருக்கும் நுண்ணறையின் வெளிச்சுவரில் உள்ள தீக்கா செல்கள், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோனின் தூண்டுதலால் கொலஸ்ட்ராலிலிருந்து ஆண்ட்ரோஸ்டெனடையோன் என்ற ஆண் வகை ஹார்மோனைத் தயாரிக்கின்றன. அது உட்சுவரின் கிரானுலோசா செல்களுக்குப் போய்ச் சேர, அங்கே பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.எச். முடுக்கிவிட்ட அரோமடேஸ் நொதி அதை எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி கூடச் சேர்ந்தால் இந்த உற்பத்தி எகிறும். லெப்டின் கைவைப்பது அந்த எகிறலில்தான். எலியின் கிரானுலோசா செல்களை வளர்த்த தட்டில் எஃப்.எஸ்.எச். மட்டும் இருக்கும்போது லெப்டினைச் சேர்த்தால் எஸ்ட்ராடியாலில் மாற்றமில்லை. ஐ.ஜி.எஃப்-1-ம் இருக்கும் தட்டில் சேர்த்தால் எஸ்ட்ராடியால் இறங்குகிறது. அதே செல்கள் தரும் மற்றொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் அப்படியே நிற்கிறது. ஆகவே, செல்களையே லெப்டின் முடக்கிவிடுகிறது என்றும் சொல்ல முடியாது.

லெப்டின் குறைந்தால் சினைப்பைக்கு நல்லதா என்றால், அதுவும் இல்லை. அப்போது சிக்கல் மூளையில் தொடங்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து விட்டுவிட்டுச் சுரந்து பிட்யூட்டரியை இயக்கும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோன் தளர்ந்து, எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் சரிய, சினைப்பைக்கு உத்தரவே வராமல் போகிறது. கடும் உடற்பயிற்சியாலும் அரைப்பட்டினியாலும் மாதவிடாய் நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கவனிக்க வேண்டியது: இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே, உடற்கொழுப்பு பெரிதாகக் கரையும் முன்பே, லெப்டின் சரிந்துவிடும். இப்படி மாதவிடாய் நின்ற எட்டுப் பெண்களுக்கு லெப்டின் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. மூவருக்குக் கருமுட்டை வெளிவந்தது.

அப்படியானால் பருமனான பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் ஓய்ந்த பின், ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருப்பது ஏன்? கட்டுரையாளர் இடறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். கொழுப்புத் திசுவுக்குச் சொந்தமாகவே அரோமடேஸ் உண்டு. ரத்தத்தில் வரும் ஆண்ட்ரோஸ்டெனடையோனை அது எஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அது கொழுப்பின் சரக்கு, சினைப்பையின் சரக்கல்ல.

கட்டுரையின் கடைசியில் சொன்ன 'லெப்டினைச் சீராக்கும் மாத்திரை' பற்றியும் ஒரு வார்த்தை. லெப்டின் 146 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துப்போகும். அதனால்தான் லெப்டினின் செயற்கை வடிவமான மெட்ரெலெப்டின் ஊசியாகவே வருகிறது. அதுவும் கொழுப்புத் திசுவே அற்றுப்போகும் லிப்போடிஸ்ட்ரோபி நோய்க்கானது, சினைப்பை நீர்க்கட்டிக்கானதல்ல. மாதவிடாய் தவறுகிறது என்று லெப்டின் ரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிப்பதும் வீண்: அந்த அளவு இரவில் ஏறும், பட்டினியில் இறங்கும், பெரும்பாலும் கொழுப்பு எவ்வளவு என்பதையே திருப்பிச் சொல்லும்.

இப்படிக்கு,
நாளமில்லாச் சுரப்பியியல் படித்த வாசகர்